ஜெர்மன் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கிறது எப்படி: விருப்பமா, தேர்வா, குலுக்கலா, எல்லாருக்குமா?

இந்த வருஷ ஆரம்பத்துல ஒரு அக்கா போன் பண்ணாங்க. யாழ்ப்பாணத்துலேந்து எண்பதுகள்ல சின்னப் பிள்ளையா அப்பா அம்மா கையப் புடிச்சிக்கிட்டு ஜெர்மனிக்கு வந்தவங்க, இப்ப ஹம் ஊர் பக்கத்துல இருக்காங்க, மகன் இங்கயே பொறந்து ஜெர்மன் குடியுரிமையோட வளந்தவன், 2008-ல பொறந்தவன், பதினெட்டு முடிஞ்ச கையோட அவன் பேருக்கு ராணுவத்துலேந்து ஒரு கடிதம் வந்திருக்கு. "தம்பி, இவனை ஆமிக்கு வரச் சொல்லுறாங்களோ? வாசிச்சுப் பார்க்க எனக்குத் தலை சுத்துது" அப்டின்னாங்க. போர்னா என்னன்னு டிவில பாத்துத் தெரிஞ்சிக்கிட்டவங்க இல்ல அவங்க, அதனால அந்தக் குரல்ல இருந்த பயத்த என்னால லேசா எடுத்துக்க முடியல.

அது அழைப்பு இல்லக்கா, கேள்வித்தாள்தான், உயரம் எடை படிப்பு உடம்பு எப்டி இருக்கு ராணுவத்துல சேர ஆர்வம் இருக்கான்னு கேக்குறாங்க, பசங்க கண்டிப்பா பதில் எழுதணும், பொண்ணுங்க விரும்பினா எழுதலாம், அவ்ளோதான் இப்போதைக்குன்னு சொன்னேன். "இப்போதைக்கு" அப்டின்ற வார்த்தைய மட்டும் அவங்க கெட்டியா புடிச்சிக்கிட்டாங்க. பின்னாடி என்ன ஆகும் தம்பின்னு கேட்டாங்க. அதுக்கு நேர்மையான பதில், ஜெர்மனி இன்னும் முடிவு பண்ணி முடிக்கலங்கிறதுதான். முன்னால நாலு வழி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஆதரவா பேசுறவங்க இருக்காங்க, நான் அந்த நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து எது எனக்கு சரின்னு படுதுன்னு இங்க எழுதுறேன்.

முதல்ல நிலவரம். 2025 டிசம்பர் 5-ம் தேதி ஜெர்மன் பார்லிமெண்ட், அதாவது பன்டஸ்டாக், புது ராணுவ சேவைச் சட்டத்த 323-க்கு 272-னு ஓட்டுப் போட்டு நிறைவேத்துச்சு, அன்னிக்கே பல ஊர்கள்ல ஸ்கூல் பசங்க கிளாஸ விட்டு வெளிய வந்து ஊர்வலம் போனாங்க. 2026 ஜனவரி 1-லேந்து சட்டம் அமலுக்கு வந்துருச்சு. 2008-லயும் அதுக்கப்புறமும் பொறந்த ஆம்பளப் பசங்க கேள்வித்தாள நிரப்பணும், படிப்படியா எல்லாரையும் கூப்ட்டு உடல்தகுதி சோதனை பண்ணுவாங்க, ஆனா சேர்றது விருப்பம்தான். சேந்தா மாசம் சுமார் 2600 யூரோ, வரி புடிக்கிறதுக்கு முந்தி, ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ இருந்தா டிரைவிங் லைசென்ஸ் எடுக்க உதவித்தொகையும் உண்டு. ஆள் பத்தலன்னா? அப்பதான் "தேவைக்கேற்ற கட்டாய சேவை"ன்னு ஒண்ணு வரலாம், ஆனா அது தானா வராது, பன்டஸ்டாக் மறுபடி கூடி தனியா இன்னொரு சட்டம் போடணும். குலுக்கலும் கடைசி வழியா அதுல வரலாம்.

எவ்ளோ ஆள் வேணும்? இப்ப ராணுவத்துல சுமார் 1,84,000 பேர் இருக்காங்க, 2035-க்குள்ள கிட்டத்தட்ட 2,60,000 ஆக்கணும், கூடவே 2,00,000 ரிசர்வ் ஆட்கள், அதாவது பயிற்சி முடிச்சு வெளிய போயி கூப்ட்டா வர்றவங்க.

இந்த எண்ணிக்கை திடீர்னு வானத்துலேந்து வந்ததில்ல. 2022 பிப்ரவரி 24 ரஷ்யா உக்ரைனுக்குள்ள முழுசா இறங்குச்சு, மூணாவது நாள், 27-ம் தேதி, அப்ப சான்சலரா (பிரதமர் மாதிரி) இருந்த ஒலாஃப் ஷோல்ஸ் பார்லிமெண்ட்ல எந்திரிச்சு இது "சைட்டன்வெண்டே", காலம் திரும்புற இடம்னு சொன்னார், பத்தாயிரம் கோடி யூரோ தனி நிதின்னு அறிவிச்சார், அதுக்கு அரசியல் சாசனத்தையே திருத்துனாங்க. 2025 மார்ச்ல இன்னொரு திருத்தம், நாட்டோட மொத்த உற்பத்தில ஒரு சதவீதத்துக்கு மேல பாதுகாப்புக்கு செலவு பண்ற பணம் இனிமே அரசாங்கம் எவ்ளோ கடன் வாங்கலாம்ங்கிற வரம்புல சேராதுன்னு. ஜூன்ல ஹேக் மாநாட்டுல நேட்டோ நாடுகள் எல்லாம் 2035-க்குள்ள 3.5 சதவீதம் நேரடி ராணுவச் செலவு, 1.5 சதவீதம் அதச் சார்ந்த மத்த செலவுன்னு ஒத்துக்கிட்டாங்க. லிதுவேனியால 45-வது பான்சர் பிரிகேட், அதாவது டாங்கிப் படைப்பிரிவு, 2027-க்குள்ள சுமார் 4,800 படைவீரர்கள் நிரந்தரமா அங்கயே தங்கப் போறாங்க, ஒரு முழு பிரிகேட இப்டி வெளிநாட்டுல குடியமர்த்துறது இந்த ராணுவத்துக்கு இதான் முதல் தடவ. காசு, டாங்கி, ஏவுகணை எல்லாத்துக்கும் ஓட்டுப் போட்டா ஆர்டர் போயிரும், டாங்கிக்குள்ள உக்காரப் போற பத்தொம்போது வயசுப் பையன் அப்டி ஆர்டர் போட்டு வர்றவன் இல்ல, இங்கதான் நாலு வருஷமா முட்டிக்கிட்டு நிக்குது.

வழிகள ஒப்பிடுறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா இத விட்டுட்டு பேசுறவங்கதான் நிறையப் பேர். ஜெர்மனில எல்லாமே மாறிப் போச்சு, பழைய ஜெர்மனி திரும்பி வருதுன்னு நம்மாளுங்க வாட்சப்ல பயந்து பயந்து பகிர்றாங்க. பணமும் ஆபத்தும் மாறிருக்கு, நெசம். ஆனா அடியில இருக்கிற கல்லு நகரல. 1949 மே மாசம் அவங்க அரசியல் சாசனம் எழுதினப்ப ஜெர்மனிக்கு ராணுவமே கிடையாது, போர்ல ஜெயிச்ச கூட்டு நாடுகள் கலைச்சுட்டாங்க, அப்டி ராணுவமே இல்லாத காலத்துல 4-வது பிரிவுல ஒரு வரி எழுதி வச்சாங்க: மனசாட்சிக்கு விரோதமா ஆயுதம் ஏந்தி போர் சேவை செய்ய யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ராணுவம் வந்தது 1955 நவம்பர் 12, பான் நகரத்துல முதல் 101 பேருக்கு நியமனம் குடுத்தாங்க. மறுக்கிற உரிமை முதல்ல, ராணுவம் ஆறு வருஷம் கழிச்சு. எனக்கு இந்த வரிசை எப்பப் படிச்சாலும் மனச என்னவோ பண்ணும், ஒரு நாடு தன்ன நம்பாம தனக்கே முதல்ல ஒரு பூட்டு செஞ்சு வச்ச மாதிரி.

ஆனா அதே 1949-ல, பின்னாடி முதல் ஜனாதிபதியான தியோடோர் ஹோய்ஸ், கட்டாய ராணுவ சேவைங்கிறது ஜனநாயகத்தோட முறையான பிள்ளைன்னு வாதாடுனார். அவர் பக்கத்து யோசனை என்னன்னா, ரெண்டு உலகப்போருக்கும் நடுவுல, ஹிட்லருக்கு முந்தி இருந்த வெய்மார் குடியரசு காலத்துல, முதல் உலகப்போர முடிச்ச வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்த 1,00,000 பேரோட நிறுத்தி கட்டாய சேவையையும் தடை பண்ணுச்சு, அந்த சின்ன தொழில்முறை ராணுவம் மக்கள்கிட்டேந்து விலகி நாட்டுக்குள்ள தனி நாடா ஆயிருச்சு, ஊர்ப் பிள்ளைங்க வந்து போற ராணுவம்னா அப்டி ஆகாதுன்னு. அதே சமயம் 1935 மார்ச் 16-ம் தேதி ஹிட்லர் கட்டாய சேவையத் திரும்பக் கொண்டு வந்தான், ஊர்ப் பிள்ளைங்கள வச்சே அந்த நாசத்தையும் பண்ணான், அதனால முறை மட்டும் யாரையும் காப்பாத்திராது. இந்த ரெண்டு பாடத்தையும் சேத்து வச்சுதான் புது ராணுவத்துல "சீருடை போட்ட குடிமகன்"ன்னு ஒரு கொள்கைய வச்சாங்க, தப்பான உத்தரவ மறுக்கணும், பார்லிமெண்ட் நியமிக்கிற தனி ஆணையர்கிட்ட சாதா சிப்பாய் நேரா புகார் எழுதலாம். 1994-ல அரசியல் சாசன நீதிமன்றம் வெளிநாட்டுக்குப் படை அனுப்பணும்னா பன்டஸ்டாக் சம்மதம் வேணும்னு தீர்ப்பு சொல்லிருச்சு. ஆஃப்கானிஸ்தான்ல 59 ஜெர்மன் படைவீரர்கள் உயிர் விட்டாங்க, அந்தப் படைய அனுப்புன ஒவ்வொரு நீட்டிப்புக்கும் எம்பிக்கள் பேர் சொல்லி கை தூக்க வேண்டியிருந்துச்சு.

அதனால எந்த வழியா இருந்தாலும் நான் பாக்குறது மூணு: ஆள் நெசமாவே கிடைக்குமா, சுமை நியாயமாப் பிரியுதா, அந்தப் பழைய பூட்டு பத்திரமா இருக்கா.

முதல் வழி, விருப்பம் மட்டும். 2011 ஜூலை 1-லேந்து நடக்கிறது இதான். அப்ப பாதுகாப்பு அமைச்சரா இருந்த குட்டன்பெர்க் 2010-ல காச மிச்சம் பண்ணணும், சுத்தி எல்லாரும் நண்பர்கள்தானேன்னு கட்டாய சேவைய நிறுத்தி வைக்க முடிவெடுத்தார், ரத்து இல்ல, நிறுத்தி வைக்கிறது, இந்த வித்தியாசம் பின்னால வரும். விருப்பப்பட்டு வர்றவன்கிட்ட மனசு இருக்கும், பல வருஷம் இருப்பான், ரேடார் ட்ரோன் சைபர்னு நுட்பமான வேலைக்கு ஆறு மாசத்துல ஓடிப் போறவன் ஆகாது, லிதுவேனியாக்கு குடும்பத்தோட போயி தங்கணும்னா அதுக்கும் கட்டாயத்துல வந்தவன் ஆகாது. இதெல்லாம் பெரிய பலம்தான், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா எண்ணிக்கை ஏறவே இல்லையே. 2,03,000 ஆக்கணும்னு இலக்கு வச்சு வருஷக்கணக்கா விளம்பரம் பண்ணாங்க, ட்ராம் பூரா போஸ்டர், யூடியூப்ல சீரியல், அப்பவும் 1,80,000 பக்கத்துலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. சேர்றவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் முதல் ஆறு மாசத்துலயே கிளம்பிப் போயிர்றாங்கன்னு ஆணையர் அறிக்கையே சொல்லுச்சு. வீட்டுலேந்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போடுறாங்க, சிப்பாய்ங்க தங்குற பாராக்ஸ்ல வைஃபை கிடையாது, குளியலறை பழசு, நாள் பூரா காத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், இந்த மாதிரி சின்னச் சின்ன காரணம்தான் நிறைய, கொள்கைப் பிரச்சனை எல்லாம் கம்மி.

இப்ப 2600 யூரோ குடுக்கிறது அதனால எனக்கு சரியாத்தான் படுது, தொழில் கத்துக்கிற பயிற்சில இருக்கிற பையனுக்கு அதுல பாதிகூட வராது. ஆனா ஒரு உறுத்தல் இருக்கு. பணத்த வச்சு மட்டும் இழுத்தா யாரு வருவா? வசதி இல்லாத வீட்டுப் பசங்க, வெளிநாட்டுலேந்து வந்து குடியேறுன வீட்டுப் பசங்க, கிழக்கு ஜெர்மனில வேலை கம்மியா இருக்கிற ஊர்ப் பசங்கதான் முன்வரிசைல வருவாங்க. டாக்டர் வீட்டுப் பையன் ஆஸ்திரேலியாக்கு ஒரு வருஷம் சுத்தப் போவான். விருப்பம்னு சொல்றது எல்லாருக்கும் ஒரே அளவு விருப்பம் இல்ல.

ரெண்டாவது வழிய ஸ்வீடன் வழின்னே சொல்றாங்க, பாதுகாப்பு அமைச்சர் போரிஸ் பிஸ்டோரியஸுக்கு ஆரம்பத்துலேந்து புடிச்சது இதான். ஸ்வீடனும் 2010-ல கட்டாய சேவைய நிறுத்துச்சு, உக்ரைனோட க்ரைமியா ரஷ்யா கைக்குப் போனதப் பாத்துட்டு 2017-ல திரும்பக் கொண்டு வர முடிவு பண்ணி 2018-லேந்து ஆள் எடுக்குறாங்க, ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்லாம. ஒரு வருஷத்துல பொறந்த லட்சம் பேர்கிட்ட கேள்வித்தாள் போகும், அதுல ஒரு பகுதிய நேர்ல கூப்ட்டு சோதிப்பாங்க, கடைசில சில ஆயிரம் பேர எடுப்பாங்க, உடம்பும் திறமையும் ஆர்வமும் யாருக்கு இருக்கோ அவங்கள. கிடைக்கிறது கௌரவம்னு அங்க நினைக்கிறாங்க, பயோடேட்டால போட்டுக்குறாங்க. ராணுவத்தோட பார்வைல இதவிட நல்ல வழி கிடையாது. பொருளாதாரத்துக்கும் இதான் லேசு, மியூனிக்ல இருக்கிற இஃபோ ஆய்வு நிறுவனம் 2024-ல கணக்குப் போட்டப்ப, ஒரு வயசுக்காரங்கள்ல அஞ்சு சதவீதம் பேர மட்டும் எடுத்தா வருஷத்துக்கு சுமார் 300 கோடி யூரோ வருமான இழப்பு, எல்லாரையும் எடுத்தா 7,000 கோடின்னு வந்துச்சு. எங்கயோ இருக்கு வித்தியாசம்.

சிக்கல் சட்டத்துல. ஜெர்மன்ல "வேர்கெரெக்டிக்கைட்"னு ஒரு வார்த்தை, ராணுவச் சுமைல நியாயம்னு அர்த்தம். ஒருத்தன எடுத்து இன்னொருத்தன விட்டா அதுக்குக் காரணம் சட்டத்துல எழுதியிருக்கணும், சும்மா எங்களுக்கு இவனப் புடிச்சிருக்குன்னு சொல்ல முடியாது. நல்லா ஓடுற, கணக்கு வர்ற, உடம்பு திடமா இருக்கிற பையன் ஒரு வருஷத்தக் குடுக்கணும், சோம்பேறியா நடிக்கிறவன் தப்பிச்சுக்கலாம்னா அது திறமைக்குத் தண்டனையாப் போயிரும்ல. 2011-க்கு முந்தியும் இதே பிரச்சனைதான், ராணுவம் சின்னதாக சின்னதாக எடுக்கிற ஆளும் கம்மியாச்சு, யாரு போறா யாரு தப்பிக்கிறான்றது கிட்டத்தட்ட அதிர்ஷ்டம்னு ஆகி கோர்ட் வரைக்கும் வழக்கு போச்சு. ஸ்வீடன்ல இடத்துக்குப் போட்டி போட்டு வர்றாங்க அதனால அந்த வலி தெரியல, ஜெர்மனில அந்த ஆர்வம் இன்னும் வளரல.

மூணாவது குலுக்கல். 2025 அக்டோபர் மாசம் ஆளுங் கூட்டணிக்குள்ள நடந்த சண்டை இதப் பத்திதான். கூட்டணில இருக்கிற சிடியு-சிஎஸ்யு, எஸ்பிடி கட்சிங்க ரெண்டு பக்கத்து எம்பிக்களும் பேசி ஒரு சமரசம் கொண்டு வந்தாங்க, யார சோதனைக்குக் கூப்பிடுறது, யார சேவைக்கு எடுக்குறதுங்கிறதயே குலுக்கிப் பாக்கலாம்னு, அறிவிக்கப் போற அன்னிக்கு, 14-ம் தேதி, பிஸ்டோரியஸும் அவரோட எஸ்பிடி கட்சிக்காரங்க சிலரும் ஒத்துக்காததால பத்திரிகையாளர் சந்திப்பே ரத்தாச்சு. பிஸ்டோரியஸ் சொன்ன காரணம் எனக்கு நியாயமாப் பட்டுச்சு: ஒரு வயசுக்காரங்க எல்லாரையும் சோதிச்சு வச்சாத்தான் நாளைக்கு நெருக்கடின்னு வந்தா யாரு எங்க இருக்கா யாருக்கு என்ன தெரியும்னு நாட்டுக்குத் தெரியும், 2011-க்கு அப்புறம் அந்தப் பதிவு விட்டுப் போச்சு, ஆள் எடுக்கிற மாவட்ட அலுவலகங்களையே மூடிட்டாங்க, இப்ப குலுக்கல்ல விழுந்தவன மட்டும் சோதிச்சா பாதி இருட்டுலயே இருப்போம். நவம்பர்ல அவர் கேட்டபடி எல்லாருக்கும் சோதனைன்னு முடிவாச்சு, குலுக்கல் கடைசில ஒரு மூலைல நின்னுச்சு.

குலுக்கல கேட்டதும் நம்ம மனசு சுளிக்கும், உயிர் விஷயத்துல சீட்டு எடுக்கிறதான்னு. ஆனா நிதானமா யோசிச்சா அதுல ஒரு நேர்மை இருக்கு. எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு, சிபாரிசு வேலைக்காகாது, டாக்டர் சர்டிபிகேட் வாங்கித் தர்ற மாமா வேலைக்காகாது, அமைச்சர் பையன் பேரும் நம்ம அக்கா பையன் பேரும் ஒரே பெட்டில. முன்னாள் அரசியல் சாசன நீதிபதி உடோ டி ஃபாபியோவும் குலுக்கல் சாசனத்துக்கு ஒத்துப் போகும்னு கருத்து எழுதிக் குடுத்தார். டென்மார்க்ல பல காலமா குலுக்கல்தான், 2025 ஜூலை 1-லேந்து பதினெட்டு ஆகுற பொண்ணுங்களும் அதுல சேந்துட்டாங்க, சேவைக் காலத்த நாலு மாசத்துலேந்து பதினோரு மாசமா நீட்டுறாங்க. ஆனா அங்க கவனிக்க வேண்டியது, வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க விரும்பி வர்றவங்க, மிச்ச இடத்துக்குத்தான் சீட்டு. கொஞ்ச இடத்த நிரப்ப குலுக்கல் நல்ல கருவி, படையே குலுக்கல்ல கட்டுறதுன்னா வர்றவன் முழுக்க "நான் ஏன் மாட்னேன்"னு நினைச்சுக்கிட்டே நாளை எண்ணுவான், அப்டி ஒருத்தன டாங்கிக்குள்ள வச்சுக்கிட்டு என்ன பண்றது.

நாலாவது, எல்லாருக்கும். இதுக்குள்ளயும் ரெண்டு இருக்கு, பழைய மாதிரி ஆம்பளைங்க எல்லாருக்கும் ராணுவம், இல்லன்னா பசங்க பொண்ணுங்க எல்லாருக்கும் ஒரு வருஷம் பொது சேவை, ராணுவமோ ஆஸ்பத்திரியோ தீயணைப்போ முதியோர் இல்லமோ. ஜனாதிபதி ஸ்டைன்மையர் 2022-லேந்து ரெண்டாவதத்தான் பேசிக்கிட்டு இருக்கார், பணக்காரன் ஏழை கிராமம் நகரம் எல்லாரும் ஒரு தடவையாவது ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு. மனசால எனக்கும் ரொம்பப் புடிச்ச யோசனை.

நம்ம வயசு தாண்டுன ஜெர்மன்காரங்ககிட்ட பேச்சுக் குடுத்தா அந்தக் கட்டாய சேவை காலத்துக் கதை நிறையக் கிடைக்கும். 1957 ஏப்ரல்ல முதல் கட்டாய சிப்பாய்ங்க உள்ள போனாங்க, ஆரம்பத்துல பன்னெண்டு மாசம், பெர்லின் சுவர் எழும்புனதுக்கு அப்புறம் 1962-ல பதினெட்டு மாசம், எழுபதுகள்ல பதினஞ்சு, சுவர் விழுந்தப்புறம் பன்னெண்டு, பத்து, ஒன்பது, 2010-ல ஆறு, அப்புறம் ஒண்ணுமில்ல. பனிப்போர் உச்சத்துல 4,95,000 பேர் கொண்ட படை. போக மாட்டேன்னு சொன்னவங்க எண்பதுகள் வரைக்கும் ஒரு குழு முன்னாடி உக்காந்து தன் மனசாட்சிய நிரூபிக்கணும், காட்டுல உன் காதலிய ஒருத்தன் தாக்குறான் உன் கையில துப்பாக்கி இருக்கு என்ன பண்ணுவன்னு கேப்பாங்க, இது எல்லாருக்கும் மனப்பாடமான கேள்வி. 1977-ல ஒரு போஸ்ட்கார்டு போட்டா போதும்னு சட்டத்த மாத்துனாங்க, அடுத்த வருஷமே நீதிமன்றம் அத அடிச்சிருச்சு. மேற்கு பெர்லின் கூட்டு நாடுகள் கையில இருந்ததால அங்க குடியிருக்கிறவங்கள ராணுவத்துக்குக் கூப்பிட முடியாது, அதனால ஆயிரக்கணக்கான பசங்க பெட்டியக் கட்டிக்கிட்டு பெர்லின் போயிட்டாங்க, அந்த ஊரு இன்னிக்கும் இப்டி இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆயுதம் வேணாம்னவங்க 1961-லேந்து சிவில் சேவை பண்ணாங்க, ஒரு கட்டத்துல ராணுவம் பதினஞ்சு மாசம்னா இது இருபது மாசம். அந்தப் பசங்கதான் முதியோர் இல்லத்துல சாப்பாடு ஊட்டி ஆம்புலன்ஸ் ஓட்டி நாட்டோட பாதி கவனிப்பத் தோள்ல தூக்குனாங்க, 2011-ல கட்டாய சேவை நின்னப்ப இதுவும் சேந்தே நின்னு போச்சு, ஆஸ்பத்திரி நடத்துறவங்கதான் அப்ப ரொம்ப அழுதாங்க.

இவ்ளோ புடிச்சும் நாலாவது வழிக்கு நான் இப்ப கை தூக்க மாட்டேன். ஒரு வருஷத்துல பதினெட்டு ஆகுற பசங்க மட்டுமே சுமார் 3,00,000. தங்க இடம் கிடையாது, பாராக்ஸ எல்லாம் வித்து ஃப்ளாட்டாவும் காலேஜாவும் ஆக்கியாச்சு, பயிற்சி குடுக்க அனுபவசாலிங்க வேணும், அவங்களத்தான் லிதுவேனியாக்கும் உக்ரைன்காரங்களப் பயிற்றுவிக்கவும் அனுப்பியாச்சு. எல்லாரையும் உள்ள இழுத்தா மூணு வருஷத்துக்கு ராணுவம் பசங்களுக்குப் படுக்கை போடுற வேலைய மட்டும்தான் பாக்கும். அடுத்து பொண்ணுங்க. சாசனத்தோட 12ஏ பிரிவு ஆம்பளைங்களத்தான் கட்டாயப்படுத்தலாம்னு சொல்லுது, மாத்தணும்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு, 630 பேர் இருக்கிற அவைல 420. ஆளுங்கட்சிங்க ரெண்டும் சேந்து 328, பசுமைக் கட்சி 85-அயும் கூட்டுனா 413, ஏழு குறையுது. மிச்சம் இருக்கிற பெரிய கட்சிங்க இடதுசாரியும், தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியும்தான், இடதுசாரிங்க கட்டாய சேவையவே எதுக்குறாங்க, ஏஎஃப்டி கூட கை கோக்குறதில்லன்னு மத்த கட்சிங்க எல்லாம் சொல்லியிருக்கு. அதனால ஸ்வீடன் மாதிரியோ டென்மார்க் மாதிரியோ பொண்ணுங்களையும் சேத்த நியாயமான திட்டம் இந்தப் பார்லிமெண்ட் காலத்துல வர்றது ரொம்பக் கஷ்டம், ராணுவம் இல்லாத பொது சேவைய எல்லாருக்கும் கட்டாயமாக்கணும்னாலும் அதே சாசனத்துல கட்டாய வேலைக்கு இருக்கிற தடை குறுக்க வரும்.

அப்ப என் முடிவு என்ன? இப்ப போட்டிருக்கிற சட்டத்த ரெண்டுங்கெட்டான்னு ரெண்டு பக்கத்துலயும் திட்டுறாங்க, ஸ்கூல் பசங்க இது பின்வாசல் வழியா வர்ற கட்டாயம்ங்கிறாங்க, ஜெனரல்கள் சிலபேர் இது கால தாமதம்ங்கிறாங்க. எனக்கு அதுல ஒரு விஷயம் ரொம்ப சரியாப் படுது, கட்டாயம் தானா பத்திக்கிற மாதிரி திரி வைக்கல. ஆள் வரத்து எப்டி இருக்குன்னு அமைச்சகம் பன்டஸ்டாக்குக்கு ஆறு மாசத்துக்கு ஒருதடவ கணக்குக் காட்டணும், பத்தலன்னா எம்பிக்கள் வெளிச்சத்துல நின்னு பேர் சொல்லி ஓட்டுப் போடணும், தன் தொகுதிப் பசங்க முகத்தப் பாத்து காரணம் சொல்லணும். 1949-லயும் 1994-லயும் போட்ட பூட்டுக்கு இது ஒத்துப் போகுது. தாமதம்னு சொல்றவங்க ஒண்ண மறக்குறாங்க, கட்டாய சேவை ரத்தாகல, நிறுத்திதான் வச்சிருக்குன்னேன்ல, நெருக்கடி நிலைன்னோ போர்னோ பன்டஸ்டாக் மூணுல ரெண்டு பங்கு ஓட்டோட அறிவிச்ச நிமிஷம் பழைய சட்டம் தானா உயிர் வந்துரும். அவசரத்துக்குக் கதவு ஏற்கனவே இருக்கு. அமைதிக் காலத்துல நிதானமா முடிவெடுக்க நேரம் எடுத்துக்கிறது தப்பில்ல.

அதோட, பத்தாமப் போனா குலுக்கலும் தேர்வும் எதிரெதிர்னு பாக்காம வரிசைப்படுத்தணும்னு நினைக்கிறேன். முதல்ல எல்லாரையும் சோதிக்கணும், அதுல விரும்புறவங்க, அப்புறம் தகுதியும் ஓரளவு ஆர்வமும் இருக்கிறவங்கள நேர்ல கூப்ட்டுப் பேசி சம்மதிக்க வைக்கணும், நேருக்கு நேர் ஒரு ஆபீசர் உக்காந்து நீ வந்தா உனக்கு இந்த வேலை இந்த ஊருன்னு சொன்னாலே நிறையப் பேர் வருவாங்க, கடிதமும் விளம்பரமும் பண்ணாதத அது பண்ணும். அப்பவும் இடம் மிச்சம்னா தகுதியானவங்க எல்லாரையும் ஒரே பெட்டில போட்டு குலுக்கணும், அதுல தகுதிங்கிறது சோம்பேறியா நடிக்காதவனுக்குத் தண்டனையா ஆகாம இருக்க சோதனைய ராணுவத்துக்கு வெளிய இருக்கிற டாக்டர்களும் சேந்து பண்ணணும். இதெல்லாத்துக்கும் முந்தி பாராக்ஸ், பயிற்சி குடுக்கிறவங்க, வைஃபை, சூடான தண்ணி. உள்ள வந்த நாலு பேர்ல ஒருத்தன் ஓடாம நிறுத்துனாலே பாதி குலுக்கல் தேவைப்படாது, இத யாரும் பெருசா பேசாதது எனக்கு ரொம்ப வருத்தம்.

சுமை யாரு மேல விழுதுன்றதுல மட்டும் எனக்கு சமாதானம் ஆகல, பொண்ணுங்கள சேக்காத வரைக்கும் இது பாதி நியாயம்தான், 420 கிடைக்கிற நாள்ல அந்த 12ஏ-வ திருத்தியே ஆகணும்.

அந்த அக்கா வீட்டுக்கு ரெண்டு வாரம் கழிச்சுப் போயிருந்தேன். அப்பமும் சம்பலும் வச்சாங்க. பையன் லேப்டாப்பத் திறந்து வச்சிக்கிட்டு என்கிட்ட ஒண்ணுதான் கேட்டான், மாமா நான் பின்னாடி மறுத்தா என் பாஸ்போர்ட்டுக்கு ஏதாவது ஆகுமான்னு. ஆகாதுடா, அந்த உரிமை இந்த ராணுவத்துக்கே மூத்தது, நீ எழுதிக் குடுத்தா விசாரிச்சு ஏத்துக்குவாங்க, சிவில் சேவை எதாவது பண்ணச் சொல்லலாம்னேன். அம்மா பின்னாலேயே நின்னுக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல, அவனும் திரும்பிப் பாக்கல. எவ்வளவு ஆர்வம்னு கேக்குற அளவுகோல்ல நடுவுக்குக் கொஞ்சம் கீழ ஒரு இடத்துல டிக் பண்ணி அனுப்பிட்டான்.